காலித் தரிப்பிடத்தில் குடியிருந்தவர்கள்

பேய் உண்டா இல்லையா என்று யாராவது என்னைக் கேட்டால், 2007ஆம் ஆண்டுக்கு முதல் இல்லை, பிறகு உண்டு என்றுதான் சொல்வேன். அந்த நம்பிக்கையை எனக்குத் தந்தது கோயிலும் அல்ல, சாத்திரியாரும் அல்ல, ஓல்ட்மார்ஷ் கவுன்சில். கிழக்கு லண்டனின் ஓரத்தில் இருக்கும் அந்தக் கவுன்சில் பேய்களுக்கு அறிவித்தல் ஒட்டி, கோர்ட்டுக்குப் போய், தீர்ப்பும் வாங்கியது. அதற்குக் காரணமானவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை. பேய்க்குச் சோறு வைத்தேன், அவ்வளவுதான்.

என் பெயர் ஆனந்தராஜா. ஜெர்மனியில் ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவிக் கழுவி விரல் வெளுத்து, பாஸ்போர்ட் கிடைத்த கையோடு லண்டன் குட்மேய்ஸுக்கு வந்து சேர்ந்தவன். பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்கவேண்டும் என்று என் மனைவி சிவமலர் ஒற்றைக் காலில் நின்றாள். வந்த இடத்தில் ஒரு செக்கியூரிட்டி ஏஜென்சி என்னைக் கவுன்சில் வேலைக்கு அனுப்பியது. கவுன்சில் வேலை என்றதும் சிவமலர் கனடா வரைக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். என்ன வேலை என்று மட்டும் சொல்லவில்லை. சொல்ல எனக்கே தெரியாது.

இந்த நாட்டில் ஜிப்ஸிகள், டிரவலர்கள் என்று ஒரு சனம் உண்டு. இழுத்துப்போகிற வண்டிவீடான கரவனில் பிறந்து, கரவனில் கலியாணம் கட்டி, கரவனில் சாகிறவர்கள். அவர்கள் நின்றுபோக இடம் கொடுங்கள் என்று அரசாங்கம் எல்லாக் கவுன்சில்களுக்கும் சொல்லியிருந்தது. ஓல்ட்மார்ஷும் கொடுத்தது. மோட்டர்வேக்கும் கழிவுநீர் நிலையத்துக்கும் நடுவில், மின்கம்பிகளுக்குக் கீழே ஒரு சதுப்புநிலம். ஒரு காலத்தில் அங்கே தொற்றுக்காய்ச்சல் ஆஸ்பத்திரி இருந்ததாம். அதில் தார் ஊற்றி, வெள்ளைக்கோடு கீறி, ஆறு தரிப்பு. தரிப்புக்கு ஒரு குழாய், ஒரு கரண்ட் பெட்டி. சுற்றிவர வேலி. பெரிய இரும்புக் கேற். கேற்றுக்கு இரண்டு பூட்டு. 'தற்காலிகத் தரிப்பிடம், அனைவரையும் வரவேற்கிறோம்' என்று ஒரு பலகை. அந்தப் பலகைக்குக் கீழே கதிரை போட்டு இருப்பதுதான் என் வேலை.

என்னுடைய மனேஜர் மிஸ்டர் பெல்லிங்கம். மெல்லிய மனிதர், சத்தமில்லாத சப்பாத்து. அவர் பேசியதும் இங்கிலிஷ், பிறகு வரப்போகிற டொலறஸ் பேசியதும் இங்கிலிஷ். ஆனால் பெல்லிங்கம் வாய் திறந்தால் எனக்கு றேடியோச் செய்தி போலத்தான் கேட்கும். டொலறஸ் பேசினால் எங்கள் வீட்டுக் குசினியில் கதைப்பது போல இருக்கும். எனக்குக் கேட்ட மாதிரித்தான் இங்கே சொல்கிறேன்.

"மிஸ்டர் ஆனந்தராஜா, இது மிகவும் திறந்த மனதுடன் உருவாக்கப்பட்ட இடம்," என்றார் முதல் நாள். "ஆகவே கேற்றை எந்நேரமும் பூட்டி வைத்திருங்கள்."

"ஆக்கள் வந்தால், சேர்?"

"வரவேற்க வேண்டும்."

"உள்ளுக்கு விடவோ?"

"இல்லை. வரவேற்க வேண்டும்."

உள்ளே வருவதற்கு முதலே விண்ணப்பிக்க வேண்டுமாம். விண்ணப்பம் நிரந்தர முகவரி ஒன்றிலிருந்து வரவேண்டுமாம். நிரந்தர முகவரி இருக்கிறவன் ஏன் காணும் கழிவுநீர் மணத்துக்குள் வந்து நிற்கப்போகிறான் என்று வாய் வரை வந்தது. புது வேலை. விழுங்கிக்கொண்டேன்.

கொஞ்ச நாள் ஒருவரும் வரவில்லை. பிறகு, வராமலே வந்துவிட்டார்கள்.

பேய் இருட்டில்தான் வரும் என்று நான் நினைத்திருந்தேன். இவர்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார்கள். நான் பாணுக்குள் சம்பல் வைத்துக் கடிக்கிற நேரம் பார்த்து மூன்றாம் தரிப்பில் குழாய் திறக்கும். போய்ப் பூட்டிவிட்டு வந்து இருப்பேன். திரும்பத் திறக்கும். ஈர உடுப்பை உதறுகிற சத்தம் கேட்கும். விறகுப் புகை மணக்கும். ஒரு குழந்தை இருமும். ஒரு பெண் யாரையோ கூப்பிடுவாள். குரல் தெளிவு, பெயர்தான் பிடிபடாது. பனிப்புகார் மூடிய நாட்களில் ஆறு தரிப்பிலும் சனம் நெருக்கியடித்து நிற்பது போல் இருக்கும். வெறுந்தாரில் நடக்கும்போதும் ஆட்களுக்கு இடம்விட்டு விலகி நடக்கத் தோன்றும். நான் விலகித்தான் நடந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சின்னப்பிள்ளை போலப் பயந்தேன்.

பெல்லிங்கத்திடம் சொன்னேன். குழாய்க்காரர் வந்து பார்த்தார். குழாயில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் தண்ணீர் மீற்றர் ஓடியிருக்கிறது என்றார். பெல்லிங்கத்தின் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒருவரும் இல்லாமலே இவ்வளவு தண்ணீர்ப் பாவனை!" என்றார். "இந்தத் தரிப்பிடத்துக்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?"

தரிப்பிடம் நல்ல பயன்பாட்டில் இருக்கிறது, முறைப்பாடு ஒன்றும் இல்லை என்று அரசாங்கத்துக்கு எழுதினார்கள். பாராட்டி மறுமொழி வந்தது. அந்தப் பாராட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு என் சின்னக் காவல் கொட்டிலில் மாட்டிவிட்டும் போனார்கள்.

டொலறஸ் வந்தது அந்தக் கிழமைதான். பழைய வான், பின்னால் கிறீம் நிறக் கரவன். நாற்பது நாற்பத்தைந்து வயது, காதில் பெரிய தங்க வளையம், கண்ணில் நித்திரை இல்லை. கேற்றைப் பிடித்துக்கொண்டு தெற்குப் பக்கம் கை காட்டினாள். மரங்களுக்கு மேலால் இப்போதைய பெரிய ஆஸ்பத்திரியின் புகைபோக்கி தெரிந்தது.

"என்ரை அப்பா உதுக்குள்ளைதான் கிடக்கிறார். கஸ்பர் எண்டு பெயர். நெஞ்சு முழுக்கக் கான்சர். இனி ஒண்டும் செய்ய ஏலாது, வீட்டை கொண்டு போங்கோ எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். நேர்ஸ் ஒவ்வொரு நாளும் வருவாவாம். ஆனால் வண்டி ஒரு இடத்திலை நிண்டால்தான் வரலாமாம். நான் தளபாடக் கடைக் கார் பார்க்கிலை நிண்டன், கலைச்சாங்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலை நிண்டன், கலைச்சாங்கள். தன்ரை கட்டிலிலை சாகவேணும் எண்டு அப்பா கேக்கிறார். வேறை ஒண்டும் கேக்கேல்லை, மிஸ்டர் ராஜா. இஞ்சை ஆறு இடமும் சும்மாதானே கிடக்கு?"

சும்மாதான் கிடந்தது. நான் அவளை வரவேற்றேன். அதற்குத்தானே சம்பளம். பிறகு பெல்லிங்கத்துக்குப் போன் எடுத்தேன்.

நிரந்தர முகவரி வேண்டும் என்றார். டொலறஸ் கெட்டிக்காரி, வால்தம்ஸ்டோவில் வீடெடுத்திருந்த மச்சாளின் முகவரியைக் கொடுத்தாள். பெல்லிங்கம் அதைப் பார்த்துவிட்டு மிகவும் சந்தோசப்பட்டார்.

"நிரந்தர முகவரி இருக்கிறது. ஆகவே இவர்களுக்குத் தரிப்பிடம் தேவையில்லை. தீர்ந்தது."

"சேர், அது மச்சாளின்ரை வீடு. தகப்பன் சாகக் கிடக்கிறார். எழும்பி நடக்கக்கூட ஏலாது."

"அதுதான் எனக்கும் கவலையாக இருக்கிறது," என்றார் பெல்லிங்கம். உண்மையாகவே கவலைப்பட்டார், குரல் கம்மியது. "இது பயணம் செய்யும் மக்களுக்கான இடம். நகர முடியாத ஒருவரைப் பயணி என்று எப்படிச் சொல்வது? அவருடைய பண்பாட்டை நாங்கள் அவமதிக்கக் கூடாது."

டொலறஸிடம் இதை எப்படிச் சொல்வது? மேலே கேட்டிருக்கிறார்கள், பார்ப்போம் என்று பொய் சொன்னேன். அவள் ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கேற்றடியில் வானை நிறுத்துவாள். நான் ஒவ்வொரு நாளும் தலையை ஆட்டுவேன். அவள் போன பிறகு உள்ளே குழந்தை இருமும்.

இனி ஏலாது என்று ஆனபோதுதான் சிவமலரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, உதுகள் பசியிலை நிக்கிற ஆத்துமாக்கள். காய்ச்சல் ஆஸ்பத்திரியிலை ஒருத்தரும் இல்லாமல் செத்ததுகளாயிருக்கும். யார் அதுகளுக்குப் படைச்சது? வாற அமாவாசைக்கு நான் சமைச்சுத் தாறன். கொண்டுபோய்ப் படையுங்கோ. அடங்கிவிடும்."

படையல் என்றால் இறந்தவர்களுக்கு விருப்பமானதை வைக்கவேண்டும். இவர்கள் வெள்ளைக்காரப் பேய்கள், என்ன விருப்பம் என்று யாரைக் கேட்பது? சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வடை, பாயசம் எல்லாம் சிவமலர் வைத்தாள். நான் வழியில் ஒரு கடையில் சொசேஜ் றோலும், ஒரு சின்னப் போத்தல் விஸ்கியும், ஒரு பெட்டி சுருட்டும் வாங்கினேன். குழந்தை இருமுகிறதே என்று ஒரு சொக்லேற்றும். ஆறாம் தரிப்பில் வாழையிலை போட்டு, எல்லாம் படைத்து, சூடம் கொளுத்தி, சாம்பிராணி காட்டி, விழுந்து கும்பிட்டேன். படைத்தால் திரும்பிப் பார்க்கக் கூடாது. கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். பிறகு வந்து பார்த்தால் இலை வெறுமையாகக் கிடந்தது. நரியோ, காகமோ. சுருட்டு மட்டும் பாதி எரிந்து கிடந்தது. நரி சுருட்டுக் குடிக்குமோ என்று யோசித்தேன்.

இலையை எடுக்க முதல் கவுன்சிலின் சோதனைக் கார் வந்துவிட்டது. அதுவரை ஒருநாளும் வராத கார்!

இறங்கிய ஆட்கள் இலையைப் படம் எடுத்தார்கள். சூடம் எரிந்த கரியைப் படம் எடுத்தார்கள். விஸ்கிப் போத்தலைக் கையுறை போட்டு எடுத்துப் பைக்குள் வைத்தார்கள். அன்று பின்னேரமே பெல்லிங்கம் முகம் வெளிறி வந்து சேர்ந்தார்.

"தரிப்பிடத்துக்குள் அனுமதியில்லாமல் ஆட்கள் குடியேறியிருக்கிறார்கள்."

"சேர், அது நான். நான்தான் வைச்சனான்."

"நீங்கள் தரிப்பில் இருந்து சாப்பிட்டீர்களா? அது ஒழுக்காற்று நடவடிக்கைக்குரியது."

"ஐயோ, நான் ஒரு பருக்கை சாப்பிடேல்லை. பேய்களுக்கு வைச்சது."

பெல்லிங்கம் சற்று யோசித்தார். "சாப்பிட்டு முடிந்திருக்கிறதே?"

"ஓம்..."

"ஆகவே யாரோ பெற்றுக்கொண்டிருக்கிறார்கள்."

"சேர், அது எங்கடை ஒரு நம்பிக்கை. உண்மையாய் உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை."

அவர் என் தோளில் கை வைத்தார். "மிஸ்டர் ஆனந்தராஜா, உங்கள் சமய நம்பிக்கையை இந்தக் கவுன்சில் முழுமையாக மதிக்கிறது. ஆட்கள் இருக்கிறார்கள் என்று நீங்கள் நம்பினால், இல்லை என்று சொல்ல நாங்கள் யார்?"

மறுநாள் ஆறு தரிப்பிலும் ஆறு கட்டை அடித்தார்கள். ஒவ்வொரு கட்டையிலும் பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் அறிவித்தல். 'பெயர் தெரியாத ஆட்களுக்கு' என்று தொடங்கியது. உடனே வெளியேறவேண்டும், மறுத்தால் வழக்கு. பேய்கள் மறுமொழி சொல்லவில்லை. மறுமொழி சொல்லாதது மறுப்புக்குச் சமம் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட்டிலும் பேய்கள் வரவில்லை. வரவில்லை என்பதால் தீர்ப்பு சுகமாகக் கிடைத்தது. கோர்ட் தீர்ப்பைக் கொண்டுவந்து ஆட்களை எழுப்புகிற பெய்லிஃப்மார் வருவதற்குத் தேதி போட்டார்கள்.

இந்தக் கூத்துக்கு நடுவில் டொலறஸ் வந்தாள். கண் குழி விழுந்திருந்தது.

"என்ன சொல்லினம், மிஸ்டர் ராஜா?"

நான் பெல்லிங்கத்துக்கு அவளுக்கு முன்னாலேயே போன் எடுத்தேன். தரிப்பிடம் நிரம்பிவிட்டது என்றார் அவர். அவள் கேற்றுக்குள்ளால் பார்த்தாள். ஆறு வெறும் தரிப்பு, ஆறு கட்டை, ஒரு காகம்.

"ஆரால் நிரம்பினது?" என்று கேட்டாள்.

நான் பூட்டைச் சரிபார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

எங்கள் ஆள் ஒருவர் கவுன்சிலில் இருக்கிறாரே, அவரைப் பிடிக்கலாம் என்று சிவமலர் சொன்னாள். கவுன்சிலர் கிருஷ்ணராசா. தரிப்பிடக் குழுவுக்குத் தலைவரே அவர்தான். ஞாயிறு கோயில் மண்டபத்தில் இந்த விசயமாகவே ஒரு கூட்டம் வைத்தார். போனேன். சனம் நிரம்பி வழிந்தது, எல்லாம் எங்கள் சனம். வாசலில் தரிப்பிடத்துக்கு எதிராகக் கையெழுத்து வாங்கினார்கள். எட்டிப் பார்த்தால் நாலாவது பெயர் சிவமலர்.

"கடைக்காரர் நீட்டினவர், போட்டனான்," என்றாள். "எல்லாரும் போட்டவை."

கிருஷ்ணராசா மைக்கைப் பிடித்தார். "அன்பான சனங்களே, நானும் ஒரு நாடோடிதான். ஊரிலையிருந்து கொழும்பு, கொழும்பிலையிருந்து மொஸ்கோ, மொஸ்கோவிலையிருந்து பாரிஸ், பாரிஸிலையிருந்து இஞ்சை. லொறிக்குள்ளை, தக்காளிப் பெட்டிக்குப் பின்னாலை வந்தவன் நான். இடம் இல்லாதவனுடைய வேதனை எனக்குத் தெரியும். அதாலை சொல்லுறன், அவையளுக்குக் கட்டாயம் ஒரு இடம் வேணும். அந்த இடம் எங்களுக்குப் பக்கத்திலை இருக்கக்கூடாது. தூரத்திலையும் இருக்கக்கூடாது, ஏனெண்டால் தூரத்திலை எண்டால் அது ஒதுக்கி வைக்கிறது. நான் ஒதுக்கி வைக்கிறதுக்கு எதிரானவன்!"

கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. முடிந்ததும் அவரை மறித்து டொலறஸின் கதையைச் சொன்னேன்.

"தம்பி, சரியான பாவமாய்க் கிடக்கு," என்றார். கண்கூடக் கலங்கியது. "ஆனால் நீர் விளங்கவேணும். உள்ளுக்கை ஏற்கெனவே ஆக்கள் இருக்கினம். கோர்ட்டே சொல்லிப்போட்டுது."

"அண்ணை, ஒருத்தரும் இல்லை. அது நான் வைச்ச படையல்."

"உதை வெளியிலை சொல்லிப்போடாதையும்," என்றார் கிருஷ்ணராசா. "கவுன்சில் வெறுமிடத்துக்கு வழக்குப் போட்டது எண்டு தெரிஞ்சால் எங்கடை சனத்துக்குத்தான் கெட்டபெயர்."

அன்று வீட்டுக்கு வரும்வரை எனக்கு ஒரே ஞாபகம். தொண்ணூற்றைந்தில் யுத்தம் நெருங்கி யாழ்ப்பாணத்துச் சனம் எல்லாம் ஒரே இரவில் எழும்பி மழைக்குள் நடந்தபோது நான் ஜெர்மனியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். என் அப்பா தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வாசலில் செத்தார். உள்ளே விடச்சொல்லி அம்மா கெஞ்சினாவாம். பள்ளிக்கூடம் நிரம்பிவிட்டது என்றார்களாம். அங்கே உண்மையாகவே நிரம்பியிருந்தது, அந்த வாசலில் நின்றவனை நான் ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை. இங்கே நான் நிற்கிற வாசல் என்ன வாசல்? எனக்கு அழுகையாக வந்தது. கோபமாகவும் வந்தது.

மறுநாள் காலை டொலறஸ் வந்தபோது இரண்டு பூட்டையும் திறந்து, கேற்றை இழுத்து அகலமாக விட்டேன்.

"கொண்டு வா, தங்கச்சி. அப்பாவைக் கொண்டு வா."

மத்தியானம் கஸ்பர் வந்து சேர்ந்தார். எலும்பும் தோலுமான மனிதர், தலையில் தொப்பி. நானும் டொலறஸும் தூக்கி ஆறாம் தரிப்பில் நின்ற கரவனுக்குள் அவருடைய கட்டிலில் கிடத்தினோம். யன்னலைத் திறக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். மூன்றாம் தரிப்பில் குழாய் திறந்தது. நான் எழும்பினேன்.

"பூட்டாதை, பொஸ்," என்றார் கஸ்பர். யாரைக் கண்டாலும் அவருக்குப் பொஸ்தான். "அது என்ரை அக்கா. அவவுக்குக் குழாயைக் கண்டால் திறந்து பாக்கவேணும். வாளியிலை தண்ணி சுமந்து வளர்ந்தவ."

நான் திரும்ப இருந்துவிட்டேன். அவர் ஆறுதலாகச் சொன்னார். தார் ஊற்ற முதல், வேலி போட முதல், அவருடைய சனம் மாரி முழுக்க இந்தச் சதுப்பில்தான் வண்டி விட்டு நிற்பார்களாம். பிறகு கவுன்சில் கல் போட்டு மறித்துக் கலைத்ததாம். கலைத்த இடத்திலேயே பிறகு தரிப்பிடம் கட்டியிருக்கிறார்கள். இருமுகிறது அவருடைய தம்பி. காய்ச்சல் ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோனார்களாம், தாயை உள்ளே விடவில்லையாம். வேலிக்கு வெளியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாவாம்.

"இப்பவும் கூப்பிடுறா," என்றேன்.

"கேக்குது," என்றார். "நல்ல சனம். உன்னைப் பயப்படுத்தினவையோ?"

"இல்லை," என்று பொய் சொன்னேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் அந்த வேலையில் நான் மனிதனாக இருந்த நாட்கள். நேர்ஸ் வந்து போனாள். கரவன் கண்ணாடி போல மினுங்கியது. பாத்திரம் கழுவ ஒரு பேசின், உடுப்புக்கு ஒரு பேசின். மாறிப்போனால் டொலறஸ் என்னையும் ஏசுவாள். சிவமலர் இடியப்பமும் சொதியும் கட்டித் தந்தாள். "அவையளுக்கு எதிராய்க் கையெழுத்தும் போட்டாய், சொதியும் வைக்கிறாய்," என்றேன். "கையெழுத்து வேறை, சொதி வேறை," என்றாள். கஸ்பர் சொதியை மட்டும் கரண்டியால் குடித்தார். குடித்துவிட்டு, யன்னலுக்கு வெளியே யாருக்கோ தலையாட்டுவார்.

பெய்லிஃப்மார் வருகிற நாள் எனக்குத் தெரியும். பெல்லிங்கத்துக்குப் போன் எடுத்து, தயவு செய்து தள்ளிப் போடுங்கோ, உள்ளே ஒரு மனிதர் சாகிறார் என்று மன்றாடினேன்.

"ஆக, உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள்," என்றார் பெல்லிங்கம். "நாங்கள் கோர்ட்டில் சொன்னது சரி."

கேற்றைத் திறந்தது நான் என்றேன். அதை அவர் காதில் வாங்கவேயில்லை. தீர்ப்பில் திறந்தவனைப் பற்றி ஒன்றும் இல்லையாம்.

அந்த நாள் விடிந்தது. காலைத் தேத்தண்ணியில் இரண்டு வாய் குடித்துவிட்டு, டொலறஸின் கையைப் பிடித்துக்கொண்டு, தன்னுடைய கட்டிலில் கஸ்பர் செத்துப்போனார். கேட்டது அதைத்தான். கிடைத்தது. நேர்ஸ் வந்து பார்த்து உறுதிப்படுத்திவிட்டுப் போனாள். டொலறஸ் சத்தம் போட்டு அழவில்லை. அவர்கள் வழக்கப்படி முகம் பார்க்கும் கண்ணாடிகளைத் துணியால் மூடினாள், தகப்பனுக்குத் தலை சீவிவிட்டாள். கென்ற்றிலிருந்து சொந்தக்காரர் வரும்வரை அவரை இந்த இடத்திலேயே வைத்திருக்கலாமா என்று கேட்டாள். நான் வாய் திறக்க முதல் கேற்றடியில் வாகனங்கள் வந்து நின்றன.

பெய்லிஃப்மார் நாலு பேர், ஹெல்மெற்றோடு. பெல்லிங்கம், கையில் தீர்ப்போடு. பின்னால் ஒரு காரில் கிருஷ்ணராசாவும் ஒரு படம் எடுக்கிறவரும். நான் ஓடிப்போய் விசயத்தைச் சொன்னேன். கிருஷ்ணராசா இறங்க வைத்த காலைத் திரும்ப உள்ளே எடுத்தார்.

"செத்த வீடோ? ஐயோ தம்பி, நான் அங்காலை வந்தால் முழுகவேணும். பின்னேரம் கோயில் கூட்டம் இருக்கு." கார்க் கண்ணாடியையும் ஏற்றிவிட்டார்.

பெல்லிங்கம் கரவன் வாசலுக்குப் போனார். கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டில், கட்டிலில் கஸ்பர், பக்கத்தில் டொலறஸ். அவர் தொண்டையைச் செருமினார்.

"பெயர் தெரியாத ஆட்களாகிய உங்களுக்கு..."

"அவருக்குப் பெயர் இருக்கு," என்றாள் டொலறஸ். "அவர்தான்..."

"தயவு செய்து சொல்லாதீர்கள்!" பெல்லிங்கம் பதறிப்போனார். "பெயர் எனக்குத் தெரிந்துவிட்டால் இந்தத் தீர்ப்பு செல்லாது."

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நான் நினைத்தேன்.

"அப்ப சத்தமாய் வாசியுங்கோ," என்றாள். "அப்பாவுக்கு ஒரு காது கேளாது."

பெல்லிங்கம் சத்தமாக வாசித்தார். என்ன மனிதன் என்று தெரியவில்லை, உண்மையாகவே குரலை உயர்த்தி, பிணத்தின் நல்ல காதுப் பக்கம் திரும்பி நின்று வாசித்தார். பெய்லிஃப்மாரில் மூத்தவர் ஹெல்மெற்றைக் கழற்றினார். மற்றவர்களும் கழற்றினார்கள். ஒருவரும் கரவனில் கை வைக்கவில்லை. கடைசியில் டொலறஸே எழும்பினாள்.

"காணும். நாங்கள் போறம். இந்தாள் எங்கடை அப்பாவுக்குப் பக்கத்திலை நிண்டு கத்துறதைக் கேக்க எனக்கு ஏலாது."

கரவனை வானில் கொழுவினாள். நான் கேற்றை அகலத் திறந்து பிடித்தேன். கரவன் மெல்ல, ஒரு குலுக்கல் இல்லாமல் வெளியே போயிற்று. என்னைக் கடக்கும்போது வான் கண்ணாடியை இறக்கி என் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்தாள். எனக்கு விம்மல் வந்துவிட்டது. றோட்டு முனையில் திரும்பி மறைந்தாள்.

பெல்லிங்கம் இன்னும் ஆறாம் தரிப்பில்தான் நின்றார். அவரிடம் இன்னும் இரண்டு தாள் மிச்சம்.

"சேர், அவையள் போட்டினம்."

"இடத்தில் நின்று முழுவதும் வாசிக்க வேண்டும்," என்றார். "இல்லாவிட்டால் நாளைக்கு யாரும் கேள்வி கேட்கலாம்."

வெறுந்தாருக்கு முன்னால் நின்று வாசித்தார். காற்றில் தாள் படபடத்தது. பெய்லிஃப்மார் தலையைக் குனிந்து நின்றார்கள். கிருஷ்ணராசாவின் படக்காரர் தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்தார். கடைசி வரியையும் வாசித்து, தாளை மடித்துக்கொண்டு, முறைப்படி கேட்டார்: "கேள்விகள் ஏதும் உண்டா?"

"எங்கை போறது, பொஸ்?"

ஆறாம் தரிப்பின் நடுவில் இருந்து வந்தது. கிழட்டுக் குரல், முடிவில் ஓர் இருமல். பெய்லிஃப்மார் நாலு பேரும் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். பெல்லிங்கம் மடித்த தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இத்தனை வருடச் சேவையில் அந்தக் கேள்வியை எத்தனை வாயிலிருந்து கேட்டிருப்பார்! மறுமொழி நாக்கு நுனியில் இருந்தது.

"அதற்கு இந்தத் திணைக்களம் பொறுப்பல்ல," என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான், யாருக்குச் சொன்னோம் என்று நிமிர்ந்து பார்த்தார்.